சோப்பு டப்பாவின் மூன்றாவது கியர்

 காலையில் முகம் மழிக்கும்போது தலைவரின் தாடையில் ஒரு கீறல் விழுந்தது. அதைத் துடைக்கப் போய் இன்னொன்று. உள்ளே அவர் மனைவி எதையோ முணுமுணுத்துப் பாடியபடி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"என்னங்க, நிஜமாவே ஓடற வண்டியா? இல்ல பொம்மை மாதிரி நிறுத்தி வெச்சிருப்பாங்களா?"

"ஓடும்னு சொல்றாங்க."

"என்ன கலர்?"

"வெள்ளை."

"நம்மதும் வெள்ளைதானே. நடுவுலதான் அழுக்குக் கலர் ஆச்சு," என்று சொல்லிவிட்டுப் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அந்தக் காருக்குக் கம்பெனி வைத்த பெயர் ஏதோ ஒரு பறவையுடையது. அதை விற்பனைக்காரர்களைத் தவிர யாரும் உச்சரித்ததில்லை. ஜனங்கள் வைத்த பெயர் சோப்பு டப்பா. அதில் என்னென்ன இருந்தது என்று சொல்வதைவிட என்னென்ன இல்லை என்று சொல்வது மரியாதை. ரேடியோ இல்லை, மின்விசிறி இல்லை, கால் நீட்ட இடம் இல்லை. மழைக்குத் துடைப்பான் ஒன்றே ஒன்று. பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியும் ஒன்றே ஒன்று, அதுவும் ஓட்டுபவர் பக்கம். மறுபக்கம் என்ன வருகிறது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்து "வரலாம்" என்று சொல்ல வேண்டும். கதவைச் சற்றுத் தூக்கி இழுத்தால்தான் மூடும். மூன்றாவது கியர் போட்டால் கொஞ்ச தூரத்தில் அது தானாகவே கழன்று நடுவுக்கு வந்துவிடும். அதையும் பக்கத்து இருக்கைக்காரர் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வியாதி எல்லா சோப்பு டப்பாவுக்கும் உண்டு.

வைத்திருந்த காலத்தில் அதைத் திட்டாதவர்கள் கிடையாது. விருந்துக்குப் போனால் பந்தலுக்கு நாலு வீடு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தவர்கள்தான் எல்லோரும். இப்போது எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் வாங்கிய பெரிய பெரிய கார்கள். ஏறி உட்கார்ந்தால் இருக்கை சூடாகிறது, எந்தச் சந்தில் திரும்புவது என்று ஒரு பெண்குரல் சொல்கிறது. இந்தச் சுகம் வந்த பிறகுதான் சோப்பு டப்பாவின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. பெயிண்ட் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, 'சோப்பு டப்பா முன்னாள் உரிமையாளர் பேரவை' என்று பலகை மாட்டினார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை, வரவேற்புக் குழு, நினைவுக் குழு, இந்த இரண்டு குழுவையும் கண்காணிக்க ஒரு மேற்குழு.

கூட்டம் என்றால் வேறொன்றுமில்லை, அவரவர் நினைவுகளைச் சொல்வதுதான். ஒருவர் அந்தக் காரில் இரட்டைக் கட்டிலை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். பல் டாக்டர் ஏறிய மேடு வருஷத்துக்கு வருஷம் செங்குத்தாகிக்கொண்டே வந்தது. கடைசியாக அவர் சொன்னபோது அதில் ஆடுகூட ஏறியிருக்க முடியாது. ஆனால் இவர்கள் எல்லோரையும் ஒரே கதையால் அடித்து உட்காரவைத்துத் தலைவரானவர், குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நம்மவர்.

அந்தக் கதை இதுதான். மலையிலிருந்து இறங்கும்போது மூடுபனி. பாதி வழியில் பிரேக் போய்விட்டது. அவர் பதறவில்லை. கியரைக் குறைத்துக் குறைத்து, வண்டியை மலைச்சரிவின் மண்ணோடு உரசவிட்டு, கடைசி வளைவுக்கு முன்னால் வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். பக்கத்தில் மனைவி, "ஐயோ நிறுத்து, நான் இறங்கிக்கிறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு கத்திக்கொண்டே வந்தாள். பிரேக் இல்லாத வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்திய அந்த இடத்தில் பேரவை ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரிக்கும்.

கதையில் எல்லாமே உண்மை. ஆட்கள் மட்டும் இடம் மாறியிருந்தார்கள்.

தலைவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போனார், கற்றுக்கொடுத்தவரின் வீட்டுச் சுவரையே இடித்ததோடு அது முடிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மனைவிதான் காரை வாங்கினாள், ஓட்டினாள், துடைத்தாள். வேலைக்குப் போகும்போது அவரைச் செருப்புக் கடை மூலையில் இறக்கிவிடுவாள். அங்கிருந்து அவர் மாற்றுச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே அலுவலகத்துக்குள் நுழைவார். "இங்கே நிறுத்த இடமே கிடைக்கறதில்லப்பா" என்பார். அந்தச் சாவி எந்தப் பூட்டையும் திறந்ததில்லை. ஆனாலும் சுழன்று சுழன்று பளபளவென்று இருந்தது.

மலையிலிருந்து இறங்கிய அன்று வாய்க்காலில் சாய்ந்த காரைவிட்டு இறங்கி, அவள் அவர் தோளில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். அவர் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அதன் பிறகும் யாரிடமும், சண்டையின்போதுகூட அதை எடுத்ததில்லை. அதைத்தான் அவர் தூக்கிப் பேரவையில் அவள் தலையில் கட்டியிருந்தார்.

இதற்கென்றே அவர் ஒரு விதி கொண்டுவந்திருந்தார்: கூட்டத்துக்குக் குடும்பத்தார் வரக்கூடாது, கட்டுக்கோப்பு குலைந்துவிடும். அந்த ஒரு தீர்மானம்தான் பேரவையில் விவாதமே இல்லாமல் ஏகமனதாக நிறைவேறியது. அத்தனை கைகளும் அவ்வளவு வேகமாக ஏன் தூக்கப்பட்டன என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

இப்போது ஆண்டு விழா. செயலாளர் புதிதாக வந்தவர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றதால் எதையும் இரண்டு முறை சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. அவருக்கு மனைவி இல்லை, அதனால் அந்த விதியின் அருமையும் தெரியவில்லை. எல்லோர் வீட்டுக்கும் அவரே போன் போட்டுக் குடும்பத்தோடு அழைத்துவிட்டார். ரொட்டி விநியோகத்துக்கு இன்னும் சோப்பு டப்பாவையே ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பேக்கரிக்காரரையும் கண்டுபிடித்துவிட்டார். விழாவின் முடிவில் தலைவர் அந்தக் காரை மைதானத்தில் ஒரு வட்டம் ஓட்டிக்காட்டுவார் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்.

காலைப் பலகாரத்தைத் தொடாமல் தலைவர் செயலாளர் வீட்டுக்குப் போனார்.

"அந்த மலைக் கதையை இன்னைக்கு விட்டுடலாமே. எல்லாரும் கேட்டதுதானே."

"நாங்க கேட்டிருக்கோம் தலைவரே. குடும்பங்கள் கேக்கலையே. குடும்பங்கள் கேக்கலையே."

"அதுக்குத்தான் சொல்றேன். வீட்டுல அவளும் வர்றா. அவ எதிர்க்க நான் சொன்னா தற்பெருமை மாதிரி இருக்கும்."

செயலாளரின் கண் கலங்கிவிட்டது. "இந்த அடக்கம் யாருக்கு வரும்."

"அடக்கமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீங்க சொல்லவே வேணாம். நானே சொல்லிடறேன். நீங்க சொன்னாத்தானே தற்பெருமை? நானே சொல்லிடறேன்."

"சரி, அந்த வட்டம் அடிக்கறதையாவது எடுத்துடுங்க. கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு."

"மூடுபனியில மலை இறங்கின ஆளு நீங்க. மைதானத்துக்குக் கண்ணு எதுக்கு?"

வந்ததற்கு வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே தலைவர் படி இறங்கினார். தானே சொல்லியிருந்தால் கத்தியவர் யார் என்பதையாவது இருமலோடு சேர்த்து விழுங்கியிருக்கலாம். இப்போது அதுவும் போயிற்று.

அங்கிருந்து நேராக மைதானம். பேக்கரிக்காரர் காரைக் கழுவி நிறுத்தி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் காரைச் சுற்றி வந்தார்.

"திடீர்னு கிளம்பாம போயிடுமோ? பழைய வண்டி. இஞ்சின் கிஞ்சின் மக்கர் பண்ணினா மேடையில அசிங்கமாயிடும். பேசாம நிறுத்தியே வெச்சுடலாமா?"

பேக்கரிக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தினமும் ரொட்டி போடற வண்டிங்க இது. சாவியைத் தொட்டா பத்திக்கும். உங்க விழா முடிஞ்ச கையோட கடைகளுக்கு ரொட்டி போடணும், பின் சீட்டு பூரா அடுக்கி வெச்சிருக்கேன். வட்டம் அடிக்கும்போது குலுக்காம ஓட்டுங்க, அது போதும். மூணாவதுக்கு ஒரு ரப்பர் பட்டை மாட்டி வெச்சிருந்தேன். பாக்க நல்லா இல்லைன்னு உங்க செயலாளர் கழட்டிட்டார். ஆனா நீங்க பாக்காத மூணாவதா."

தலைவர் வந்த வழியே திரும்பி நடந்தார். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று பார்த்தார். ஆனால் படுத்தால் அவர் இல்லாமலே அவள் வருவாள். கதையைக் கேட்டுவிட்டுத் தனியாக வீடு திரும்புவாள். அதை நினைத்ததும் உண்மையிலேயே காய்ச்சல் வரும்போலிருந்தது.

மாலையில் நாற்காலிகள் நிறைந்தன. காரைப் பார்த்ததும் அவள் இவரை விட்டுவிட்டு நேராக அதனிடம் போனாள். கதவைத் திறந்தாள், தூக்கினாள், இடுப்பால் ஒரு தட்டுத் தட்டி மூடினாள்.

"அதே சத்தம்," என்று திரும்பி வந்து அவர் காதில் சொன்னாள். "தகர டின்னை மூடற மாதிரி."

வில்லை குத்திய சட்டையோடு அவர் முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டம் தொடங்கியது. கட்டில் வந்தது, பல் டாக்டரின் மேடு வந்தது. பல் டாக்டர் பேசும்போது தன் மனைவி இருந்த பக்கமே பார்க்கவில்லை என்பதைத் தலைவர் கவனித்தார். ஆனால் அடுத்தவர் கவலையைப் படுவதற்கு அவரிடம் இடம் இல்லை.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "மூடுபனி. மூடுபனி. மலைப்பாதை. பிரேக் இல்லை. பிரேக் இல்லை."

தலைவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு வெட்கம் ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலம் கழித்து மனுஷன் வெளியே சொல்லியிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. முன்நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். இதற்கு அவள் முறைத்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"அப்போது நமது தலைவர்," என்றார் செயலாளர், "ஸ்டீயரிங்கை இரும்புப் பிடியாகப் பிடித்தார்."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளே இருந்தது மட்டும் கிளம்பிப் போய்விட்டது. செயலாளர் கியரைக் குறைத்தார், மண்ணில் உரசினார். பிறகு குரலை மெல்லிசாக்கிக்கொண்டு, கையை உதறி, பெண்ணாக மாறி, "ஐயோ நிறுத்து, நான் இறங்கிக்கிறேன்" என்று கத்தினார். மைதானம் சிரிப்பில் அதிர்ந்தது. அவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"நான் அப்படியெல்லாம்... செயலாளர் கொஞ்சம் கூட்டிச் சொல்றார்," என்று தலைவர் முணுமுணுத்தார்.

"கூப்பிடறாங்க பாருங்க," என்றாள் அவள்.

கைதட்டலுக்கு நடுவே அவர் எழுந்தார். கால்கள் தாமாக நடந்தன. பேக்கரிக்காரர் நீட்டிய சாவியை வாங்கினார்; பழக்கதோஷத்தில் அதை விரலில் ஒரு சுழற்றுச் சுழற்றினார். காரைச் சுற்றிக்கொண்டு போனார். கதவைத் திறந்து உட்கார்ந்து, தூக்கி இழுத்து மூடி, ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, மறுகையைக் கியர் மேல் வைத்தார். எல்லாம் ஒரு மூச்சில் நடந்தது. பிறகுதான் எதிரே பார்த்தார். ஸ்டீயரிங்கைக் காணோம். அது பக்கத்துச் சீட்டுக்கு எதிரே, இருக்க வேண்டிய இடத்தில், பத்திரமாக இருந்தது.

கைதட்டல் மெலிந்து நின்றது.

"தலைவர் வண்டியைப் பரிசோதிக்கிறார்," என்று செயலாளர் அறிவித்தார். "பரிசோதிக்கிறார்."

அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார நடுவில் இருந்த கியர் விடவில்லை. இறங்கிச் சுற்றிப் போகலாம். போய்? அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போது மறுபக்கக் கதவு திறந்தது. அவள் உட்கார்ந்தாள், இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள், கைப்பையை அவர் மடியில் வைத்தாள், சாவிக்குக் கையை நீட்டினாள். கொடுத்தார்.

தொட்டதும் பற்றிக்கொண்டது.

"பின்னாடி பாருங்க."

அவர் தலையை நீட்டிப் பார்த்தார். "வரலாம்."

கார் நகர்ந்தது.  பின்னால் அடுக்கியிருந்த ரொட்டியின் வாசனை கும்மென்று இருந்தது. வட்டம் முடிந்து மேடை வந்தது, கார் நிற்கவில்லை.

"ஒரு வட்டம்தானே போட்டிருந்தது," என்றார் அவர்.

"கத்தினது யாருங்க?"

"கதைன்னா கொஞ்சம் முன்னப்பின்ன..."

"கத்தினது யாரு?"

"நான்தான்."

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணும். கத்துங்க."

"பைத்தியமா உனக்கு? தலைவருன்னு வில்லை குத்தியிருக்கேன்."

"அன்னைக்கு எப்படிக் கத்தினீங்களோ அப்படி. கத்தற வரைக்கும் நிறுத்த மாட்டேன்."

அவள் வேகத்தைக் கூட்டினாள். நாற்காலி வரிசை, கொடிக்கம்பம், சுவர், மறுபடி நாற்காலி வரிசை. மூன்றாவது போட்டாள், அவர் கை தானாக அழுத்தியது. கொடிக்கம்பம் இந்த முறை மிக அருகில் வந்தது. சுவர் அதைவிட அருகில் வந்தது. அவர் கத்த வேண்டும் என்று தீர்மானிக்கவே இல்லை. கண் மூடிக்கொண்டது, வாய் திறந்துகொண்டது.

"ஐயோ நிறுத்து, நான் இறங்கிக்கிறேன்!"

கார் மேடைக்கு எதிரே வந்து நின்றது.  பிறகு மைதானம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது.

"பார்த்தீர்களா," என்று செயலாளர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். "தலைவர் அன்று நடந்ததை அப்படியே நடித்துக் காட்டிவிட்டார். அம்மாவின் குரலிலேயே. அம்மாவின் குரலிலேயே."

தலைவர் மூச்சு வாங்கினார். தப்பித்தாயிற்று. இப்படியே இறங்கி, கும்பிட்டு, மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் இஞ்சினை அணைக்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் கேட்கவில்லை. மலையடிவாரத்தில் அவர் தோளிலிருந்து மண்ணைத் தட்டிவிட்ட அன்றும் இப்படித்தான் எதையும் கேட்காமல் இருந்தாள்.

செயலாளர் ஓடிவந்து மைக்கை ஜன்னலுக்குள் நீட்டினார். "தலைவரே, இரண்டு வார்த்தை."

தலைவர் மைக்கைப் பார்த்தார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

"ஓட்டினது இவ. கத்தினது நான். எனக்குக் கார் ஓட்டவே தெரியாது."

செயலாளரின் கண் மறுபடி கலங்கியது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இந்த அடக்கம் யாருக்கு வரும். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மொத்தப் பெருமையையும் தூக்கி மனைவிக்கே கொடுத்துவிட்டார்." கைதட்டல் முன்னைவிட இரண்டு மடங்கு எழுந்தது.

"நிஜமாத்தாங்க சொல்றேன்," என்றார் தலைவர். அதற்கும் தட்டினார்கள்.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் தட்டாமல் பேசியது. பல் டாக்டரின் மனைவி. "அவர் சொல்றது நிஜமாத்தான் இருக்கும். எங்க வீட்லயும் மூணாவதைப் பிடிச்சுக்கிட்டு வந்தது இவர்தான்." சுற்றியிருந்த பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது, அது வரிசை வரிசையாகப் பரவியது. பல் டாக்டர் குனிந்து செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தார். கட்டில் ஏற்றியவரும் குனிந்தார்.

"இவங்களுக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை," என்றாள் அவள். "எனக்குக் காதுல விழுந்தது. பையை நல்லாப் பிடிச்சுக்கோங்க."

கார் உறுமியது. மேடையைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தாண்டி, திறந்திருந்த வாசல் வழியாகச் சாலைக்கு வந்துவிட்டது.

"எங்கே போற?"

"தெரியல. இது கையில கிடைச்சு எவ்வளவு நாளாச்சு. பின்னாடி யாராவது வர்றாங்களா பாருங்க."

அவர் தலையை நீட்டினார். முன்னால் பேக்கரிக்காரர், ரொட்டி ரொட்டி என்று அலறிக்கொண்டு. அவருக்குப் பின்னால் செயலாளர், வயர் அறுந்த மைக்கோடு. அதற்கும் பின்னால் பேரவை, வில்லைகள் மின்ன.

"வர்றாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

"அப்போ மூணாவது போடறேன். பிடிங்க."

பிடித்தார். கியர் உள்ளங்கைக்குள் திமிறியது, விடாமல் அழுத்தினார். பாலத்தின் மேட்டில் கார் மூச்சிரைத்து ஏறியது. உச்சியில் வந்ததும் மறுபக்கத்து இறக்கம் முழுதாகத் தெரிந்தது, அடியில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த வண்டிகளின் வரிசையும். தலைவருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பேக்கரிக்காரரிடம் வண்டி கிளம்புமா என்றுதான் கேட்டிருந்தார்.

"ஏம்மா, இதுல பிரேக் எப்படி?"

"ஏன், காலையில போய்ப் பாத்தீங்களே," என்றாள் அவள், காலை மெதுவாக அழுத்திப் பார்த்தபடி. "நீங்க கேக்கலையா?"